பட்டமேற்கும் நாளில் வந்த மவ்த்

அல்ஹம்து லில்லாஹ். எல்லா ஆட்சிக்கும் உரிமையாளனாகிய அல்லாஹ்வுக்கே புகழனைத்தும். ஸலவாத்தும் ஸலாமும் நம் உயிரினும் மேலான கண்மணி நாயகம் ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக.

 

ஆல இம்ரான் சூராவின் 26-வது ஆயத்தை நம்மில் பலர் ஒவ்வொரு ஃபர்ளு தொழுகைக்குப் பிறகும் ஆயத்துல் குர்ஸியோடு சேர்த்து ஓதி வருகிறோம். ஆட்சியை நாடியவருக்குக் கொடுப்பதும் நாடியவரிடமிருந்து எடுத்துக் கொள்வதும் அல்லாஹ்வின் கையில்தான் இருக்கிறது என்று அந்த ஆயத் பேசுகிறது. நாக்கு ஓதிவிடுகிறது. மனம் அதற்குள் செருப்பு வைத்த இடத்துக்குப் போய்விடுகிறது.

இந்த ஆயத்துக்கு விளக்கம் சொல்லும்போது ஃபிர்அவ்னையும் நம்ரூதையும் எடுத்துச் சொல்வது எங்களைப் போன்ற இமாம்களின் வழக்கம். கேட்பவர்களும் நாம் என்ன ஃபிர்அவ்னா என்று நிம்மதியாக உட்கார்ந்து கேட்பார்கள். அதனால் இந்த வாரம் வேறொருவரின் ஹயாத்தைச் சொல்லலாம் என்று நினைத்தேன். அவர் அநியாயக்காரர் அல்ல, தொழுகையாளி, ஹஜ் செய்தவர். நம் பாட்டனார்கள் காலத்தில் வாழ்ந்தவர். நம் ஊர்ப் பக்கத்திலிருந்து கப்பலேறிப் போனவர்கள் கடை வைத்துப் பிழைத்த கிள்ளான் பட்டணத்தில் ஆட்சி செய்தவர். கொடுத்தல், எடுத்தல், மீண்டும் கொடுத்தல், மீண்டும் எடுத்தல் ஆகிய நான்கையும் அல்லாஹ் அவருடைய ஒரே வாழ்நாளில் நடத்திக் காட்டினான்.

சிலாங்கூர் சுல்தான், மலாயாவின் இரண்டாவது மாமன்னர், மர்ஹூம் ஹிஸாமுத்தீன் ஆலம் ஷா அவர்கள்தான் அவர்.

1898-ம் ஆண்டு மே 13 அன்று ஜுக்ராவில் பிறந்தார். ஜுக்ரா என்பது லங்காட் ஆற்றுப் பக்கத்துச் சிறிய ஊர். அந்தக் காலத்தில் அரச குடும்பம் அங்கேதான் இருந்தது. அவர் பிறந்த அதே ஆண்டில்தான் தந்தை சுலைமான் ஷா, தம் பாட்டனார் சுல்தான் அப்துஸ் ஸமதுக்குப் பிறகு அரியணை ஏறினார். ஆலம் ஷா மூன்றாவது மகன். மூத்தவர் மூஸாவுத்தீன், அடுத்தவர் பதர் ஷா. ஆட்சி தம்மிடம் வரும் என்று எதிர்பார்க்கிற இடம் அல்ல மூன்றாம் பிள்ளையின் இடம். கோலா கங்சாரில் மலாய் அரச வீட்டுப் பிள்ளைகளுக்காக ஆங்கிலேயர் தொடங்கிய மலாய்க் கல்லூரியில் படித்தார். மற்ற இளவரசர்களைப் போல ஒரு பட்டப் பெயரோடு ஓரமாக வாழ்ந்து முடித்திருக்க வேண்டியவர்.

இந்த இடத்தில் அன்றைய நிலைமையைக் கொஞ்சம் புரிந்து கொள்ள வேண்டும். 1874 முதல் சிலாங்கூரில் ரெசிடென்ட் என்ற பெயரில் ஓர் ஆங்கிலேய அதிகாரி உட்கார்ந்திருந்தார். பெயருக்கு அவர் ஆலோசகர். ஆனால் அந்த ஆலோசனையைச் சுல்தான் கேட்டே ஆக வேண்டும், நடந்தே ஆக வேண்டும். வரி, போலீஸ், நிலம், கோர்ட் எல்லாம் ரெசிடென்ட் கையில். மார்க்கமும் மலாய் வழக்கமும் மட்டும் சுல்தான் கையில். அரியணை வாரிசு யார் என்பது மலாய் வழக்கத்தைச் சேர்ந்த விஷயம்தானே என்று நீங்கள் நினைக்கலாம். சுல்தான் சுலைமானும் அப்படித்தான் நினைத்தார்.

1920-ல் தம் மூத்த மகன் மூஸாவுத்தீனை ராஜா மூடாவாக, அதாவது பட்டத்து இளவரசராக அவர் நியமித்திருந்தார். 1930-களின் நடுவில் ரெசிடென்ட் தரப்பு அந்த மகனின் நடத்தை சரியில்லை என்று சொல்லி அவரை நீக்க வைத்தது. என்னென்ன குற்றச்சாட்டு சொன்னார்கள் என்பதை இங்கே விவரிக்கப் போவதில்லை. மவ்த்தாகிப் போனவர்களின் குறையைக் கிளறுவது நமக்கு ஆகுமானதல்ல. சொன்னவர்களும் நடுநிலையானவர்கள் அல்ல.

தந்தை விடவில்லை. சிங்கப்பூரிலிருந்த ஆளுநருக்கு எழுதினார். லண்டனிலிருந்த குடியேற்ற நாட்டு அமைச்சருக்கு எழுதினார். ஆங்கிலேய மன்னருக்கே முறையிட்டார். நாற்பது ஆண்டு காலம் பட்டத்தில் இருந்த ஒரு சுல்தான், தம் பிள்ளைகளில் யார் தமக்குப் பின் வருவது என்பதற்காகக் கடல் கடந்து மனுப் போட வேண்டியிருந்தது. அந்த மனுக்களால் எதுவும் ஆகவில்லை. மூத்தவரை நீக்கி, இரண்டாமவரையும் தாண்டி, மூன்றாமவரான ஆலம் ஷாவை 1936-ல் ராஜா மூடாவாக அறிவித்தார்கள்.

சகோதரர்களே, ஒரு தந்தை தம் பிள்ளைகளில் ஒருவருக்கு மட்டும் கொடுத்த அன்பளிப்புக்குச் சாட்சியாக நிற்க நம் நாயகம் (ஸல்) அவர்கள் மறுத்த ஹதீஸ் உங்களுக்குத் தெரியும். நுஃமான் இப்னு பஷீர் (ரலி) அவர்களின் ஹதீஸ் அது. சிலாங்கூரில் நடந்தது அதைவிட வேதனையானது. அங்கே பிள்ளைகளுக்கிடையே வேறுபாடு காட்டியவர் தந்தை அல்ல. வெளியிலிருந்து வந்தவர் தந்தையின் கையைப் பிடித்து எழுத வைத்தார்.

ஆலம் ஷா இதை மறுத்திருக்கலாமே, அண்ணனுக்குரியதை நான் வாங்க மாட்டேன் என்று ஒதுங்கியிருக்கலாமே என்று என் மனம் கேட்கிறது. இந்தக் கேள்வியை மறைத்துவிட்டு அவருடைய சரித்திரத்தைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவர் மறுக்கவில்லை. அவர் மறுத்திருந்தால் ஆங்கிலேயர் வேறொருவரைப் பிடித்திருப்பார்கள் என்பதும் உண்மை. ஆனாலும் மறுக்கவில்லை. நல்லவர்களின் வாழ்க்கையிலும் இப்படி ஓர் இடம் இருக்கும். கியாமத் நாளில் அல்லாஹ்வே தீர்ப்பளிக்க வேண்டிய இடம் அது.

ஏன் இதை இவ்வளவு நேரம் பேசுகிறேன் தெரியுமா? இமாமாக இருப்பவரிடம் வாரிசுச் சொத்துத் தகராறுகள் வந்துகொண்டேயிருக்கும். ஒரே தாய் வயிற்றில் பிறந்தவர்கள் ஒரே ஸஃப்பில் நின்று தொழுவார்கள். ஸலாம் கொடுக்கும்போது வலது பக்கம் திரும்புகிறவர் அந்தப் பக்கம் அண்ணன் இருந்தால் கண்ணைத் தாழ்த்திக் கொள்வார். கேட்டால் அரை கிரவுண்டு இடம். சில நேரம் ஒரு கடையின் பகடி. அவர்களிடம் ஃபராயிள் கணக்கை மட்டும் சொல்லி அனுப்பிவிட முடியாது. அப்போதெல்லாம் இந்தச் சகோதரர்கள் எனக்கு நினைவுக்கு வருவார்கள். அவர்களுக்கிடையே கிடந்தது அரை கிரவுண்டு அல்ல, ஒரு நாடு.

1938 மார்ச் 31 அன்று சுல்தான் சுலைமான் வஃபாத்தானார். ஏப்ரலில் ஹிஸாமுத்தீன் ஆலம் ஷா சுல்தானாக அறிவிக்கப்பட்டார். 1939 ஜனவரி 26 அன்று பட்டமேற்பு விழா நடந்தது. இது அல்லாஹ் கொடுத்த முதல் முறை.

மூன்றாண்டுகூட முழுதாக முடியவில்லை. 1941 டிசம்பரில் ஜப்பானியப் படை மலாயாவின் வடக்கே கரையிறங்கியது. வடக்குக் கோடியில் இருக்கும் பெர்லிஸ் அரச குடும்பத்தார் வீட்டை விட்டுத் தெற்கே நகர்ந்தார்கள். அவர்களை வாருங்கள் என்று கிள்ளானுக்கு அழைத்தவர் நம் சுல்தான். அந்த விருந்தாளிகளில் பெர்லிஸின் பட்டத்து வாரிசான சையித் புத்ராவும் இருந்தார். அந்தப் பெயரை மனதில் வைத்துக் கொள்ளுங்கள், பின்னால் வருவார்.

விருந்தாளிக்கு இடம் கொடுத்தவருக்கே கொஞ்ச நாளில் இடம் போனது. 1942 ஜனவரி 11 அன்று கோலாலம்பூர் ஜப்பானியர் கையில் விழுந்தது. நான்கே நாட்களில், ஜனவரி 15 அன்று, சுல்தானைக் கோலாலம்பூரில் முன்பு ஆங்கிலேயர் பயன்படுத்திய அரசு மாளிகைக்கு வரவழைத்தார்கள். ஒரு ஜப்பானியத் தளபதி விசாரித்தார். நீங்கள் ஆங்கிலேயரின் போருக்கு ஆதரவாகப் பேசினீர்களா என்பது விசாரணை. ஆம், பேசினேன், ரெசிடென்ட் கேட்டுக் கொண்டதால் பேசினேன் என்ற வகையில் அவர் ஒப்புக்கொண்டார். இல்லை என்று சாதித்திருக்கலாம். உயிர் பயம் உள்ள இடத்தில் அப்படிச் சொல்பவரை யாரும் குறை சொல்ல மாட்டார்கள். அவர் நடந்ததைச் சொன்னார்.

அரச முரசு, வாள், கிரிஸ் எனும் குறுவாள் போன்ற பரம்பரைச் சின்னங்கள் யாரிடம் இருக்கின்றனவோ அவரே மலாய் மக்களுக்கு அரசர். அந்தச் சின்னங்களை அண்ணன் மூஸாவிடம் ஒப்படைத்துவிடுமாறு ஜப்பானியர் ஆணையிட்டார்கள். ஆங்கிலேயர் தள்ளிவைத்தவரை ஜப்பானியர் தூக்கி வைத்தார்கள். ஆங்கிலேயர் தூக்கி வைத்தவரை ஜப்பானியர் இறக்கினார்கள். மூத்தவர் சுல்தான் மூஸா கியாதுத்தீன் ரிஆயத் ஷா என்ற பெயரோடு 1943 நவம்பரில் பட்டமேற்றார். தம்பி வெறும் ஆளாக வீட்டில் உட்கார்ந்தார்.

அந்த மூன்றரை ஆண்டுகள் எப்படிப்பட்டவை என்று மலாயாவில் சொந்தபந்தம் உள்ள வீடுகளில் கேட்டுப் பாருங்கள். அரிசி கிடையாது, மரவள்ளிக்கிழங்குதான் சாப்பாடு. துணி கிடையாது. வாழைமரம் அச்சிட்ட ஜப்பான் நோட்டு மூட்டை மூட்டையாக இருந்தாலும் வாங்குவதற்குப் பொருள் இருக்காது. தோட்டங்களிலிருந்து நம் தமிழ் மக்களைச் சயாம் மரண ரயில் பாதை போட அள்ளிக்கொண்டு போனதும் அதே காலத்தில்தான். போனவர்களில் ஏராளமானோர் திரும்பவில்லை.

அப்படிப்பட்ட காலத்தில் பதவி போன சுல்தானுக்கு ஜப்பானியர் மாதாமாதம் ஓர் உதவித்தொகை தர முன்வந்தார்கள். 1943 முதல் அவர் அதை வாங்க மறுத்தார். தமக்கு மட்டுமல்ல, தம் பிள்ளைகளுக்கென்று கொடுக்க முன்வந்த தொகையையும் மறுத்தார். அவர்களுக்காக வேலை செய்யவும் மறுத்தார்.

இதை ஒரு வரியில் படித்துவிட்டுப் போய்விட வேண்டாம் சகோதரரே. ளரூரத், அதாவது வேறு வழியில்லாத நிலை என்று சொல்லி அந்தப் பணத்தை வாங்கலாம் என்று ஃபத்வா கொடுக்க அன்றைக்கும் ஆள் கிடைத்திருப்பார். பிள்ளைகளின் வயிற்றைக் காட்டி வாங்கியிருந்தாலும் யாரும் ஏசியிருக்க மாட்டார்கள். பதவியில் இருக்கும்போது காசை மறுப்பது சுலபம், வேறு வழியில் வந்துகொண்டிருக்கும். பதவி போய், நாளைக்கு என்ன என்று தெரியாதபோது நீட்டிய கையைத் தட்டிவிடுவது வேறு. அவரை நான் சுல்தான் என்று ஏற்றுக்கொண்டது 1939-ன் பட்டமேற்பு விழாவுக்காக அல்ல, இதற்காகத்தான்.

அவர் அடைக்கலம் கொடுத்த சையித் புத்ராவுக்கும் இதே கதிதான் நேர்ந்தது. பெர்லிஸில் ஜப்பானியர் வேறொருவரை ஏற்றுக்கொண்டதால் அவர் கோலாலம்பூரில் சிறு வியாபாரம் செய்து குடும்பத்தைக் காப்பாற்றினார்.

1945-ல் ஜப்பான் சரணடைந்தது. ஆங்கிலேயர் திரும்பி வந்தார்கள். வந்ததும் சுல்தான் மூஸாவைப் பிடித்து இந்தியப் பெருங்கடலில் தூரமாகக் கிடக்கும் கொக்கோஸ் தீவுக்கு நாடு கடத்தினார்கள். தம்பி மீண்டும் அரியணைக்கு வந்தார்.

அல்லாஹ் ஃபஜ்ர் சூராவில் மனிதனின் ஒரு தப்புக் கணக்கைச் சொல்லிக் காட்டுகிறான். கொடுக்கப்பட்டால் என் ரப்பு என்னைக் கண்ணியப்படுத்திவிட்டான் என்கிறான், நெருக்கப்பட்டால் என்னைக் கேவலப்படுத்திவிட்டான் என்கிறான். அந்த இரண்டு பேச்சையும் அல்லாஹ் தள்ளிவிடுகிறான். இந்த அண்ணன் தம்பியின் கதையை அந்த ஆயத்தோடு சேர்த்துப் பாருங்கள். 1936-ல் தம்பி கண்ணியமானவர், 1942-ல் அண்ணன் கண்ணியமானவர், 1945-ல் மறுபடியும் தம்பி என்று பத்தே ஆண்டுக்குள் ஊர் பேசியிருக்கும். அல்லாஹ்விடம் அவர்களின் தராசு ஊர்ப் பேச்சுக்கு ஏற்ப ஏறி இறங்கியிருக்குமா?

திரும்பி வந்தபின் நடந்த ஒரு சறுக்கலையும் சொல்லியாக வேண்டும். 1945 அக்டோபரில் ஹெரால்ட் மக்மைக்கேல் என்ற ஆங்கிலேய அதிகாரி ஓர் ஒப்பந்தத்தோடு சுல்தான்களைச் சுற்றி வந்தார். மலாயன் யூனியன் என்ற திட்டம். கையெழுத்துப் போட்டால் சுல்தான்களின் இறையாண்மை ஆங்கிலேய மன்னருக்குப் போய்விடும். போருக்குப் பின் யார் பதவியில் இருப்பது என்பதே ஆங்கிலேயர் கையில் இருந்த நேரம். ஒன்பது மலாய் ஆட்சியாளர்களும் கையெழுத்திட்டார்கள். ஜப்பானியரின் காசைத் தொடாத நம் சுல்தானின் கையும் அந்தக் காகிதத்தில் கையெழுத்திட்டது. மக்கள் கொதித்தார்கள். 1946 ஏப்ரல் 1 அன்று புதிய ஆளுநரின் பதவியேற்பு விழா கோலாலம்பூரில் நடந்தபோது மலாய் மக்கள் தொப்பியில் வெள்ளைத் துணி கட்டித் துக்கம் அனுஷ்டித்தார்கள். சுல்தான்கள் கோலாலம்பூர் வரை வந்திருந்தும் விழாவுக்குப் போகவில்லை. போட்ட கையெழுத்தைப் பற்றி வெட்கப்பட்டு, மக்களோடு சேர்ந்து திரும்பி நின்றார்கள். 1948 பிப்ரவரியில் அந்தத் திட்டம் போய் மலாயாக் கூட்டமைப்பு வந்தது. ஆதமின் பிள்ளைகள் எல்லோரும் தவறு செய்பவர்கள், திரும்புகிறவர்களே அவர்களில் சிறந்தவர்கள் என்ற நபிமொழிக்கு அரசர்கள் விதிவிலக்கல்ல.

அடுத்து 1955-ம் ஆண்டு. இந்த ஆண்டில் இரண்டு விஷயங்கள் நடந்தன.

நாடு கடத்தப்பட்ட அண்ணன் நோயாளியாகத் திரும்பி வந்தார். வந்து அதிக காலம் இல்லை. நவம்பர் 8 அன்று வஃபாத்தானார். அவரைக் கிள்ளானில் அரச குடும்பத்தாரின் மக்பராவில் அடக்கினார்கள். பதவி நீக்கப்பட்டவர், நாடு கடத்தப்பட்டவர் என்று தனியாக எங்கோ விட்டுவிடவில்லை. தந்தையின் பெயரால் விளங்கும் சுல்தான் சுலைமான் பள்ளிவாசலுக்குப் பக்கத்தில் தம் முன்னோர்களோடு அவர் படுத்தார்.

இன்னொன்று எங்களைப் போன்றவர்களுக்கு நேரடியாகச் சம்பந்தப்பட்டது. அதுவரை மலாயாவில் அரபி மதரஸா முடித்த ஒரு பையன் மேலே ஓத வேண்டுமென்றால் மக்காவுக்கோ கெய்ரோவுக்கோ ஹிந்துஸ்தானத்துக்கோ கப்பலேற வேண்டும். வசதியுள்ளவன் போவான். இல்லாதவன் அதோடு நிறுத்திக்கொள்வான். நாட்டிலேயே ஓர் உயர் இஸ்லாமியக் கல்லூரி வேண்டும் என்று பல காலமாகப் பேச்சு இருந்தது. கட்டடம்தான் இல்லை. சுல்தான் ஹிஸாமுத்தீன் ஆலம் ஷா கிள்ளானிலிருந்த இஸ்தானா ஜமாஆ என்ற தம் அரண்மனையையும் அது நின்ற நிலத்தையும் கொடுத்துவிட்டார். அது அரசியார் ஜமாஆ அவர்களின் பெயரைத் தாங்கிய அரண்மனை. 1955-ல் அங்கே மலாயா இஸ்லாமியக் கல்லூரி தொடங்கியது.

ஓதும் காலத்தில் பகலில் வகுப்பு நடக்கும் அதே ஹாலில் இரவில் பாய் விரித்துப் படுத்தவன் நான். பக்கத்தில் படுத்தவனின் கிதாபுப் பெட்டிதான் எனக்குத் தலைமாட்டுச் சுவர். அதனால் அரண்மனைக் கூடத்தில் தாலிபுல் இல்ம் பிள்ளைகள் உட்கார்ந்து நஹ்வும் ஃபிக்ஹும் ஓதுவதை நினைத்துப் பார்க்கும்போது எனக்கு ஏற்படும் மகிழ்ச்சி மற்றவர்களுக்குக் கொஞ்சம் அதிகமாகத் தெரியலாம். பழைய சாமான்களை மதரஸாவுக்கு அனுப்பும் பழக்கம் நம்மிடம் உண்டு. ஓடாத ஃபேன், கால் ஆடும் பெஞ்சு. இவர் கொடுத்தது மனைவியின் பெயர் எழுதிய வீடு.

1957-ல் மலாயா விடுதலை பெற நாள் குறித்தாகிவிட்டது. ஒன்பது மாநிலங்களில் ஒன்பது ஆட்சியாளர்கள். இவர்களில் யார் மொத்த நாட்டுக்கும் மாமன்னர்? அதற்கு அவர்கள் கண்ட வழி உலகில் வேறெங்கும் அதிகம் காணாதது. ஒன்பது பேரும் கூடி இரகசிய வாக்கெடுப்பில் தங்களில் ஒருவரைத் தேர்ந்தெடுப்பார்கள். ஐந்தாண்டு அவர் மாமன்னர். பிறகு இன்னொருவர். இதைக் கிலாஃபத் என்று நினைத்துவிட வேண்டாம், பரம்பரை அரசர்கள் தங்களுக்குள் முறை வைத்துக்கொண்ட ஏற்பாடு. ஆனாலும் அதில் ஒரு நன்மை இருக்கிறது. எவரும் அந்த நாற்காலியை வீட்டுக்குக் கொண்டுபோக முடியாது. புதிய அரசியல் சாசனம் இஸ்லாத்தைக் கூட்டமைப்பின் மார்க்கம் என்று சொன்னது. ஒவ்வொரு சுல்தானும் தம் மாநிலத்தில் மார்க்கத் தலைவர். சுல்தான் இல்லாத பினாங்கு, மலாக்காவுக்கு மாமன்னரே மார்க்கத் தலைவர்.

1957 ஆகஸ்ட் 3 அன்று முதல் தேர்தல். வயதில் மூத்த ஜொகூர் சுல்தான் இப்ராஹீம் வேண்டாம் என்றுவிட்டார். நெகிரி செம்பிலானின் துவாங்கு அப்துர் ரஹ்மான் முதல் மாமன்னராகத் தேர்வானார். மலேசியா போய் வந்தவர்கள் ரிங்கிட் நோட்டில் பார்த்த முகம் அவருடையது. முதல் பிரதமரின் பெயரும் அப்துர் ரஹ்மான் என்பதால் பலர் இருவரையும் ஒருவராகக் குழப்பிக்கொள்வார்கள். துணை மாமன்னராகத் தேர்வானவர் நம் சுல்தான்.

1960 ஏப்ரல் 1 அன்று முதல் மாமன்னர் வஃபாத்தானார். ஐந்தாண்டில் பாதிதான் முடிந்திருந்தது. ஏப்ரல் 14 அன்று ஆட்சியாளர்கள் ஹிஸாமுத்தீன் ஆலம் ஷாவை இரண்டாவது மாமன்னராகத் தேர்ந்தெடுத்தார்கள். மூன்றாவது மகன், பாதியில் இறக்கப்பட்டவர், மாதத் தொகையை மறுத்து வீட்டில் உட்கார்ந்திருந்தவர், இப்போது மொத்த மலாயாவுக்கும் மாமன்னர்.

அவருடைய காலத்தில் நாட்டில் நடந்த பெரிய காரியம், 1948 முதல் பன்னிரண்டு ஆண்டுகளாக இருந்த அவசரகால நிலை 1960 ஜூலை 31 அன்று முடிவுக்கு வந்ததுதான். காட்டுக்குள் நடந்த கம்யூனிஸ்ட் கலகமும், ஊரடங்கும், முள்வேலி போட்ட புதுக் கிராமங்களும் பார்த்துச் சலித்த மக்கள் மூச்சு விட்டார்கள்.

தேர்வானவுடன் மாமன்னரின் பணி தொடங்கிவிடும். ஆனால் முறைப்படி பட்டமேற்கும் விழா பிறகு நடக்கும். அதில் தங்கக் கிரீடம் கிடையாது. தெங்கோலோக் எனும் துணித் தலைப்பாகை, வெள்ளி இழை போட்ட கறுப்புத் துணியை மடித்துக் கட்டியது. அந்த விழாவுக்கு 1960 செப்டம்பர் 1 என்று நாள் குறித்தார்கள். இப்படிப்பட்ட விழாவுக்கு என்னென்ன ஏற்பாடு நடக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். நம் வீட்டு நிகாஹ் ஒன்றுக்கே ஒரு மாதம் ஓடுகிறோம்.

செப்டம்பர் 1 வந்தது. அன்றைக்கே அவர் வஃபாத்தானார். இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன்.

வயது அறுபத்திரண்டு. மாமன்னராக இருந்தது நூற்று நாற்பது நாட்கள். வஃபாத்தான இடம் கோலாலம்பூரில் இஸ்தானா தெதாமு. மலாயில் தெதாமு என்றால் விருந்தினர். விருந்தினர் மாளிகையில் அவர் ரூஹ் பிரிந்தது. துன்யாவில் வழிப்போக்கனைப் போல இரு என்று இப்னு உமர் (ரலி) அவர்களின் தோளைப் பிடித்து நம் நாயகம் (ஸல்) சொல்லிக் கொடுத்ததை ஓதியிருக்கிறோம். இந்த மாளிகையின் பெயரை முதன்முதலில் படித்தபோது நான் சற்று நேரம் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன்.

விழாவுக்கென்று தலைநகரில் கூடியவர்கள் ஜனாஸாவுக்கு நிற்க வேண்டியதாயிற்று. ஐந்து மாதத்துக்குள் இரண்டு மாமன்னர்களைப் பறிகொடுத்த புது நாடு அது. மூன்றாவதாக யாரைத் தேர்ந்தெடுத்தார்கள் தெரியுமா? போர்க்காலத்தில் கிள்ளானில் இவர் அடைக்கலம் கொடுத்த, பிறகு சிறு வியாபாரம் செய்து பிழைத்த, பெர்லிஸின் சையித் புத்ராவை.

மகன் ஸலாஹுத்தீன் அப்துல் அஸீஸ் ஷா சிலாங்கூர் சுல்தானானார். கோலாலம்பூர் கூட்டரசுக்குப் போனபின் சிலாங்கூருக்குப் புதுத் தலைநகர் தேவைப்பட்டது. அதற்குத் தம் தந்தையின் பெயரால் ஷா ஆலாம் என்று பெயரிட்டார். அங்கே நீலக் குபாவோடு நிற்கும் பெரிய பள்ளிவாசல் இந்த மகனின் பெயரில் இருக்கிறது. 1999-ல் அவரும் மாமன்னராகத் தேர்வானார், 2001-ல் பதவியில் இருக்கும்போதே அவரும் வஃபாத்தானார்.

அரண்மனையில் தொடங்கிய கல்லூரியோ வளர்ந்து பெட்டாலிங் ஜெயாவுக்குப் போனது. பிறகு மலேசியத் தேசியப் பல்கலைக்கழகம் வந்தபோது அதன் இஸ்லாமியத் துறையாக ஆனது. கிள்ளானில் அந்தப் பழைய இடத்தை விட்டுவிடவில்லை. இன்றைக்கும் அங்கே சுல்தான் ஆலம் ஷா இஸ்லாமியக் கல்லூரி என்ற பெயரில் பிள்ளைகள் தங்கி ஓதுகிறார்கள். அவருக்கு நடக்காமல் போன விழாவைப் பற்றி அந்தப் பிள்ளைகளில் எத்தனை பேருக்குத் தெரியுமோ. ஃபஜ்ருக்கு எழுந்து ஓதுகிறார்கள், அது போதும்.

அவருடைய ஜனாஸாவையும் கிள்ளானுக்குத்தான் கொண்டுபோனார்கள். உங்களில் கிள்ளானில் வேலை செய்பவர்கள், அங்கே மகன் வீட்டுக்குப் போகிறவர்கள் சுல்தான் சுலைமான் பள்ளிவாசலுக்கு ஒரு ஜும்ஆவுக்குப் போங்கள். பக்கத்தில் அரச மக்பரா இருக்கிறது. முதலில் ஆங்கிலேயரும் பிறகு ஜப்பானியரும் மாற்றி மாற்றி ஏற்றி இறக்கிய அண்ணனும் தம்பியும் அங்கே ஒரே மக்பராவில் இருக்கிறார்கள். இருவருக்கும் ஸலாம் சொல்லுங்கள், இருவருக்கும் சேர்த்தே ஒரு ஃபாத்திஹா ஓதுங்கள்.

அல்லாஹ் அவ்விருவரின் கப்ருகளையும் விசாலமாக்கி, அவர்களுக்கிடையே இருந்ததைத் தன் ரஹ்மத்தால் தீர்த்து வைப்பானாக. ஆமீன்.